புள்ளலூரில் பிடிபட்டவர்கள்: போர்க்கைதி பற்றி இஸ்லாமியச் சட்டம் சொன்னதும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்ததும்

திப்பு சுல்தான் பேச்சு எடுத்தாலே வாட்ஸ்அப்பில் இரண்டு விதமான செய்தி சுத்த ஆரம்பிக்கும். முதல் வகை: போர்க்கைதிகளுக்கு உரிமை கொடுத்ததே இஸ்லாம்தான், ஜெனிவா ஒப்பந்தமெல்லாம் ஆயிரத்து முந்நூறு வருஷம் கழிச்சு வந்தது, திப்பு அந்த வழியில் நடந்தவர். இரண்டாம் வகை: பிடிபட்டவனைக் கொல்லு, இல்லன்னா மதம் மாத்து, இதுதான் அவங்க சட்டம், அதுக்கு திப்புவோட சிறையே சாட்சி.

எங்க காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் பக்கம் போனாலும் சரி, உத்தமபாளையம் பக்கம் போனாலும் சரி, ராவுத்தர் வீட்டு ஆட்களும் மத்தவங்களும் மாமா, மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகும் ஊர்கள்தான். இப்படி ஒரு செய்தி குழுவில் வந்து விழுந்தால் நாலு நாளைக்கு யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மைசூர் நமக்கு ரொம்பத் தூரத்துக் கதையும் இல்லை. ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக வந்தவர். சிவகங்கை போன பிறகு வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கி ஹைதரின் உதவியைக் கேட்டதும் இதே சீமையில்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திண்டுக்கல் முறைப்படி கம்பெனி கைக்குப் போனது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கமானது. இப்படித்தான் இயங்க வேண்டும் என்று எழுதி வைத்த ஸ்பெக் ஒன்று இருக்கும். உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் வேறொன்றாக இருக்கும். ஸ்பெக்கை மட்டும் படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. புரோகிராம் செய்த தப்பை எல்லாம் ஸ்பெக் தலையில் கட்டவும் முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடணும். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறேன்.

முதலில் சட்டம்: குர்ஆன் சொல்வது

ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் போரில் பிடிபட்டவனுக்குப் பெரிதாக வழியில்லை. பிடித்தவன் கொல்லலாம், விற்கலாம், பணம் வாங்கிக்கொண்டு விடலாம். ரோம், பாரசீகம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். இந்தப் பின்னணியில்தான் குர்ஆனின் வசனங்களைப் படிக்க வேண்டும்.

நேரடியாகக் கைதியைப் பற்றிப் பேசும் முக்கியமான வசனம் 47:4. எதிரியை அடக்கிய பிறகு கைதிகளைக் கட்டுங்கள், அதன் பின் ஒன்று கருணையாகச் சும்மா விடுங்கள், இல்லை ஈடு வாங்கிக்கொண்டு விடுங்கள் என்பது அதன் சாரம். இதில் கொலையும் இல்லை, அடிமைப்படுத்துவதும் இல்லை. இன்னொன்று 76:8. தமக்கே உணவு தேவைப்படும்போதும் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பவர்களை நல்லவர்கள் என்று அது புகழ்கிறது. மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்னும் 2:256-உம் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

அதே நேரம் 8:67-ஐயும் சொல்லணும். எதிரியை முழுதாக அடக்கும் முன்பே ஈட்டுப் பணத்துக்காகக் கைதி பிடிப்பதை அது கண்டிக்கிறது. கடுமையான முடிவுக்கு வர விரும்பிய சட்ட அறிஞர்கள் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபார்வர்டு எழுதுபவர்கள் ஒரு பக்கத்தார் முதல் வசனத்தை மட்டும் எடுப்பார்கள், மறுபக்கத்தார் இதை மட்டும் எடுப்பார்கள்.

பத்ரு: முதல் முன்மாதிரி

கி.பி. 624-இல் நடந்த பத்ருப் போரில் மக்கா தரப்பில் சுமார் 70 பேர் கைதானதாக மரபு நூல்கள் சொல்கின்றன. வசதிக்கேற்ப ஈடு வாங்கப்பட்டது, அதிகபட்சம் 4,000 திர்ஹம். நபிகள் நாயகத்தின் சொந்தச் சித்தப்பா அப்பாஸும் அந்தக் கைதிகளில் ஒருவர், அவருக்கும் விலக்கு இல்லை. பணம் இல்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பத்துப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் விடுதலை. போர்க்கைதியை வாத்தியாராக உட்கார வைத்த ஏற்பாடு அந்தக் காலத்துக்கு விசேஷமானதுதான்.

அபூ அஸீஸ் என்ற கைதி பின்னால் சொன்ன தகவல் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. தன்னைக் காவல் காத்தவர்கள் ரொட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு வெறும் பேரீச்சம்பழத்தைத் தாங்கள் சாப்பிட்டார்களாம். மதீனாவில் பேரீச்சம்பழம் மலிவு, ரொட்டிதான் அருமை. சுஹைல் என்ற மக்காப் பேச்சாளரின் பல்லைப் பிடுங்கிவிடலாம், இனி நமக்கெதிராகப் பேச மாட்டான் என்று உமர் கேட்டபோது, உடல் சிதைப்பு கூடாது என்று நபிகள் மறுத்ததாகவும் மரபு உண்டு.

மறுபக்கம், அதே பத்ருக் கைதிகளில் இருவர், உக்பாவும் நள்ரும், கொல்லப்பட்டார்கள். 627-இல் பனூ குறைழா என்ற யூதக் குலம் சரணடைந்தபோது, நடுவராக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸஅத் இப்னு முஆத் சொன்ன தீர்ப்பின்படி அவர்களின் ஆண்கள் கொல்லப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள். எண்ணிக்கையிலும் விவரத்திலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கு. ஆனால் பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதையும் ஒரு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. 630-இல் ஹுனைன் போரில் பிடிபட்ட சுமார் 6,000 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஹவாஸின் குலத்தார் தூது வந்து கேட்டதும் ஈடே இல்லாமல் விடுவிக்கப்பட்டதையும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்ட அறிஞர்கள் போட்ட பட்டியல்

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் இவற்றையெல்லாம் வைத்துச் சட்டம் தொகுக்கப்பட்டது. மாலிகி, ஷாஃபி, ஹன்பலி பள்ளிகளின் பொதுவான முடிவு: பிடிபட்ட ஆண் போர்வீரன் விஷயத்தில் ஆட்சியாளருக்கு நான்கு தேர்வுகள். கொல்லலாம், அடிமையாக்கலாம், ஈடு வாங்கி விடலாம், சும்மா விடலாம். ஹனஃபி பள்ளி சும்மா விடுவதைப் பொதுவாக ஏற்கவில்லை, ஆனால் வரி கட்டும் குடியாக்கி நிலத்தில் விடுவதை ஏற்றது. இன்னொரு பக்கம் ஹஸன் அல் பஸரீ போன்ற ஆரம்பகால அறிஞர்கள் கைதியைக் கொல்வதையே வெறுத்தார்கள். கைதியைக் கொல்லவே கூடாது என்று சொன்னவர்களும் உண்டு என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொர்தோபாவின் இப்னு ருஷ்து தன் ஒப்பீட்டு நூலில் எடுத்துச் சொல்கிறார்.

இந்தப் பட்டியலைச் சுற்றிச் சில வேலிகள் இருந்தன.

முதல் வேலி, கைதி பிடித்த சிப்பாயின் சொத்து கிடையாது. முடிவு அரசுடையது. பிடித்தவன் கோபத்தில் வெட்ட முடியாது.

இரண்டாவது, முடிவு வரும் வரை சாப்பாடும் நல்ல நடத்தையும் கட்டாயம். ஹாரூன் அல் ரஷீதின் தலைமை நீதிபதி அபூ யூசுஃப் இதைத் தன் நூலிலேயே எழுதி வைத்தார்.

மூன்றாவது, உடலைச் சிதைக்கக் கூடாது.

நான்காவது, தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது.

ஐந்தாவது, கொடுத்த அபயத்தை மீறக் கூடாது. சாதாரணச் சிப்பாய் ஒருத்தன் கொடுத்த அபயமும் செல்லும்.

நான்கு தேர்வுகளில் எதை எடுப்பது? இதற்குச் சட்டம் சொன்ன பதில்: சமூகத்துக்கு எது நன்மையோ, அதை ஆட்சியாளர் பார்த்து முடிவெடுக்கட்டும். அதாவது விதிகள் நிறைய, ஆனால் பெரிய முடிவுக்கான அட்மின் அதிகாரம் முழுக்க ஒரே ஆளிடம். அந்த ஆள் நல்லவராக இருந்தால் ஹுனைன் மாதிரி நடக்கும். அவர் கணக்குப் போடும் அரசராக இருந்தால் என்ன நடக்கும்? அதைப் பார்க்கத்தான் நாம் காஞ்சிபுரம் பக்கம் போக வேண்டும்.

புள்ளலூர், 1780

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகத்துக்குள், அதாவது ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஒரு படையைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர வந்துகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் சில மைல்தான். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் (ஆங்கிலேயர் வாயில் பொள்ளிலூர்) பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சுமார் 3,800 பேர் கொண்ட படை அன்றே இல்லாமல் போனது. மன்றோ தன் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார்.

சரணடைந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை என்றும், ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே வந்துதான் பலரைக் காப்பாற்றினார்கள் என்றும் உயிர் பிழைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முதல் வேலி அங்கேயே உடைந்தது. பெய்லி உட்பட மிஞ்சியவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னால் 1782-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் தன் கப்பல்களில் இருந்த ஆங்கிலக் கைதிகளையும் கடலூரில் ஹைதரிடம் ஒப்படைத்தார். கைதிகளைத் தூக்கிக் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவத் தளபதி என்பது ஃபார்வர்டுகளில் வராது.

சிறைக்குள்

அதிகாரிகளுக்குக் காலில் விலங்கு. தினப்படியாகக் கொஞ்சம் காசு, அதை வைத்துக் கடைத்தெருவிலிருந்து அரிசி, நெய், கறி வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். பட்டினி போடவில்லை, ஆனால் வைத்தியம் இல்லை, காயமும் சீதபேதியும் பலரைக் கொண்டுபோயின. பெய்லி 1782 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். இன்றைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுற்றுலா போனால் அவர் பெயரில் ஒரு நிலவறையைக் காட்டுவார்கள்.

டேவிட் பேர்டு என்ற கேப்டனுக்குப் பலத்த காயம். விலங்கு போட்டால் செத்துவிடுவார் என்ற நிலை. எண்ணிக்கைக்கு விலங்கு போட்டாக வேண்டும் என்றபோது, அவருடைய பங்கையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று கேப்டன் லூகாஸ் முன்வந்தார் என்பது பிரபலமான கதை. லூகாஸ் சிறையில் இறந்தார். பேர்டு பிழைத்தார், 1799 மே 4 அன்று அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை உடைத்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

இதுவரை உள்ளதை அபூ யூசுஃபின் அளவுகோலில் வைத்தால், சாப்பாட்டில் அரைகுறைத் தேர்ச்சி, மருத்துவத்தில் தோல்வி என்று சொல்லலாம். அந்தக் காலத்து எந்தச் சிறையிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அடுத்தது அப்படி இல்லை.

சுன்னத்தும் சேலாப் படையும்

ஐரோப்பியச் சிப்பாய்களிலும் பையன்களிலும் பலரைத் தனியாகப் பிரித்து, மயக்கம் கொடுத்து, பிடித்துவைத்துச் சுன்னத் செய்தார்கள். பிறகு முஸ்லிம் பெயர் வைத்து, சேலாப் படைப்பிரிவுகளில் சேர்த்து, பயிற்சி கொடுக்கும் வேலையில் போட்டார்கள். ஜேம்ஸ் ஸ்கர்ரி, ஜேம்ஸ் பிரிஸ்டோ ஆகிய இருவரும் தப்பி வந்து எழுதிய புத்தகங்களில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. இந்தப் புத்தகங்கள் திப்புவை ராட்சசனாகக் காட்ட லண்டனில் நன்றாகப் பயன்பட்டன என்பதும், லிண்டா காலி போன்ற வரலாற்றாசிரியர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள் என்பதும் சரிதான். அதற்காக நடந்தது நடக்காமல் போகாது. பல பேருடைய தனித்தனி சாட்சியங்கள் ஒத்துப்போகின்றன.

இப்போது ஸ்பெக்கோடு ஒப்பிடுவோம். ஹைதரும் திப்புவும் இருந்தது ஹனஃபி வழக்கம் ஓங்கிய உலகம். அந்தப் பள்ளியின் கடுமையான தேர்வுகளையே எடுத்துக்கொண்டாலும், பிடித்துவைத்து மதம் மாற்றுவது பட்டியலில் இல்லை. தானாக மதம் மாறும் கைதியைக் கொல்லக் கூடாது என்று சட்டம் சொல்லும், அது வேறு. வற்புறுத்தி மாற்றலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெற்றோர் இல்லாமல் பிடிபடும் சிறுவர்கள் விஷயத்தில் மட்டும் பழைய சட்டம் சிக்கலானது. பிடித்தவரின் மதத்தைச் சேர்ந்தவர்களாக அவர்களைக் கணக்கில் எடுக்கலாம் என்ற கருத்து பல அறிஞர்களிடம் இருந்தது. இன்றைய கண்ணுக்கு அதுவே பெரிய குறை, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வளர்ந்த ஆளைப் பிடித்துவைத்து அறுப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

பின்ன ஏன் செய்தார்கள்? மதவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் அது முழுப் பதில் இல்லை. துப்பாக்கிப் பயிற்சி தெரிந்த ஆள் மைசூருக்குத் தேவை. திரும்பிப் போக முடியாதபடி அவன் உடம்பிலேயே ஒரு அடையாளம் போட்டுவிட்டால் அவன் இங்கேயே கிடப்பான். இந்த முறை ஆங்கிலேயருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1779-இல் சித்ரதுர்கா வீழ்ந்தபோது பிடிபட்ட வேடர் குலப் பையன்கள்தான் ஹைதரின் சேலாக்களில் முக்கியமானவர்கள். அதற்கும் முன்பு மலபாரில் பிடித்த ஒரு நாயர் பையன் ஷேக் அயாஸ் என்ற பெயரில் வளர்ந்து, ஹைதரின் செல்லப்பிள்ளையாகி, பெத்னூர் சீமைக்கே ஆளுநர் ஆனான். 1783-இல் அதே அயாஸ் பெத்னூரை அப்படியே ஆங்கிலேயர் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் சரித்திரம்.

சையது இப்ராஹிம்

இந்த விஷயத்தை நோண்டும்போது என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர் ஆங்கிலேயர் இல்லை. சையது இப்ராஹிம் என்பவர். தஞ்சாவூர்க் குதிரைப்படையின் கமாண்டன்ட், கம்பெனியோடு நின்று சண்டை போட்டவர், 1781-இல் மைசூரிடம் பிடிபட்டவர். சர் ஜான் மால்கம் சென்னைப் படையைப் பற்றி எழுதியபோது இவர் கதையைப் பதிவு செய்தார்.

இப்ராஹிமின் திறமை மைசூருக்கு நன்றாகத் தெரியும். எங்களோடு சேர், பெரிய பதவி தருகிறோம் என்று கேட்டார்கள். மறுத்தார். நெருக்கினார்கள். அப்போதும் மறுத்தார். கூட இருந்த ஆங்கில அதிகாரிகளே, நீங்க முஸ்லிம், இந்த நாட்டுக்காரர், உங்க நிலைமை வேற, சேர்ந்து உயிரைக் காப்பாத்திக்கங்க என்கிற ரீதியில் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அதை அவமானமாகவே எடுத்துக்கொண்டார். கடுமையான சிறைவாசத்தில் இறந்தார்.

இரண்டு ஃபார்வர்டுக்குள்ளும் இவர் அடங்க மாட்டார் என்பதைக் கவனியுங்க. முஸ்லிமை அடிமையாக்க முடியாது என்பதில் எல்லாச் சட்டப் பள்ளிகளும் ஒன்று. மதம்தான் அளவுகோல் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முதலில் நன்றாக நடத்தப்பட்டிருக்க வேண்டியவர் இவர். நடக்கவில்லை. ஏனென்றால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி நீ என்ன மதம் என்பது இல்லை. நீ எனக்கு வேலை செய்வாயா என்பதுதான். செய்ய மாட்டேன் என்றவன் முஸ்லிமாக இருந்தாலும் செத்தான். செய்வதாக ஆனவன் நாயராகப் பிறந்திருந்தாலும் ஆளுநர் ஆனான்.

கூடவே சிறையில் இருந்த இப்ராஹிமின் தங்கைக்கு, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கம்பெனி அவருடைய முழுச் சம்பளத்தையே ஓய்வூதியமாகக் கொடுத்தது. அவர் இறந்த இடத்தில் ஒரு சமாதி கட்டி, ஒரு ஃபக்கீரை வைத்து, இரண்டு விளக்கு எரிய மானியமும் கொடுத்தது. விசுவாசத்துக்குக் கொடுத்த மரியாதை அது, கூடவே மற்ற சிப்பாய்களுக்கு ஒரு விளம்பரமும்கூட.

பெயர் இல்லாத சிப்பாய்கள்

புள்ளலூரில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் கிடையாது. சென்னைப் படையின் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். அவர்களில் ஒருவரும் புத்தகம் எழுதவில்லை. மால்கம் எழுதியதில்தான் கொஞ்சம் தெரிகிறது. நாளுக்கு ஒரு சேர் அரிசியும் ஒரு பைசாவும் அவர்களுக்குப் படி. அதிலும் மிச்சம் பிடித்து, ராத்திரியில் குளத்தை நீந்திக் கடந்து, கறி இல்லாமல் கஷ்டப்படும் வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காசு கொண்டுபோய்க் கொடுத்தார்களாம்.

இதைச் சிப்பாய்களின் விசுவாசத்துக்குச் சான்றாக மால்கம் எழுதுகிறார். நான் அதை வேற மாதிரி படிக்கிறேன். கைதிக்குச் சோறு போடுவதுதான் நன்மை என்று 76:8 சொல்கிறது. அந்தச் சிறையில் அதை ஒழுங்காகச் செய்தது அரசு இல்லை, இன்னொரு கைதி. அவன் எந்த மதம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

கம்பெனியின் பக்கம்

ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நியாயம் இல்லை. 1783 தொடக்கத்தில் ஜெனரல் மேத்யூஸின் படை பெத்னூர் சீமைக்குள் போனபோது ஆனந்தபூர் கோட்டையில் அடங்கியவர்களையும் வெட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, இங்கிலாந்திலேயே சர்ச்சையானது. அதே ஆண்டு மேத்யூஸ் திப்புவிடம் சரணடைந்தார். அரசு கஜானாவை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. திறந்து பார்த்தால் காலி, பணம் அதிகாரிகளிடையே பங்கு போடப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று திப்பு எல்லோரையும் சிறைக்கு அனுப்பினார். மேத்யூஸ் அங்கே இறந்தார், விஷம் வைத்தார்கள் என்பது ஆங்கிலேயர் தரப்பு. ஒப்பந்தம் உடைந்தால் அபயம் போகும் என்பது இஸ்லாமியச் சட்டத்துக்கும் ஐரோப்பிய வழக்கத்துக்கும் பொதுவானதுதான். ஆனால் கைதியை இரகசியமாகக் கொல்ல இரண்டிலும் இடமில்லை.

1792-இல் திப்பு தோற்றபோது, பாக்கிப் பணத்துக்குப் பிணையாகச் சின்னப் பையன்களான அவருடைய இரண்டு மகன்களைக் கார்ன்வாலிஸ் வாங்கிக்கொண்டார். நன்றாகத்தான் நடத்தினார்கள், 1794-இல் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் கடனுக்குப் பிள்ளைகளை அடகு வாங்கியது அடகுதான். 1799-க்குப் பிறகு திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. விசாரணையும் இல்லை, விடுதலைக்குத் தேதியும் இல்லை.

விடுதலையும், விடாமல் வைத்தவர்களும்

1784 மார்ச் 11 மங்களூர் உடன்படிக்கையின்படி கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போக எல்லைக்கு வந்த கம்பெனிப் பிரிவின் தலைவனைப் பார்த்து, உன் அதிகாரி எங்கே என்று கேட்டார்களாம். நான்தான் அதிகாரி என்றான் அந்தப் பையன். வயது பதினைந்து போல. அந்தப் பையன்தான் பின்னால் இப்ராஹிமின் கதையை எழுதிய ஜான் மால்கம்.

ஆனால் சுன்னத் செய்யப்பட்டவர்கள் பலரைத் திப்பு விடவில்லை. அவர்கள் கைதிகள் இல்லை, எங்கள் மதத்துக்கும் எங்கள் வேலைக்கும் வந்துவிட்டவர்கள் என்பது வாதம். ஸ்கர்ரி தப்பியது 1791-இல். அதே 1784-இல்தான் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். எண்ணிக்கையில் சண்டை உண்டு, பத்தாயிரக்கணக்கில் என்பதில் இல்லை. ஆயுதம் ஏந்தாத பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இதை எந்தப் பள்ளியின் சட்டத்தைக் கொண்டும் போர்க்கைதி விவகாரமாக நியாயப்படுத்த முடியாது.

இன்றைய சட்டம் எங்கே மாறியது

1949-இன் மூன்றாவது ஜெனிவா ஒப்பந்தத்தைப் படித்தால், உணவு, மனிதாபிமானம், மத வழிபாடு என்று பழைய விதிகளோடு ஒத்துப்போகும் இடங்கள் நிறைய தெரியும். ஆனால் உண்மையான மாற்றம் வேறு இடத்தில். பிடித்தவரிடம் இருந்த அட்மின் அதிகாரத்தை அது பிடுங்கிவிட்டது. கொல்லலாமா, அடிமையாக்கலாமா என்ற தேர்வே கிடையாது. சண்டை முடிந்தால் தாமதமில்லாமல் விட வேண்டும் (118). கைதியைத் தன் படையில் கட்டாயமாகச் சேர்ப்பது கடும் மீறல் (130). கைதியே எழுதிக் கொடுத்தாலும் அவன் உரிமை போகாது (7). கடைசி இரண்டையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். முதலாவது சையது இப்ராஹிமுக்காக எழுதியது போல இருக்கு. இரண்டாவது, தானாக வந்துவிட்டார்கள் என்று சொல்லி நிறுத்தி வைக்கப்பட்ட சேலாக்களுக்காக.

முஸ்லிம் நாடுகளும் இதில் கையெழுத்துப் போட்டவைதான். 1990-இல் இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு வெளியிட்ட கெய்ரோ பிரகடனத்தின் மூன்றாவது பிரிவு, கைதிக்கு உணவும் உடையும் உறைவிடமும் உரிமை என்றும், கைதிப் பரிமாற்றம் கடமை என்றும் சொல்கிறது. 2014-இல் ஐஎஸ் அமைப்பு யஸீதிப் பெண்களை அடிமைகளாக விற்றபோது, உலகம் முழுதும் இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் பக்தாதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது என்பது அதில் ஒரு அம்சம். பழைய பட்டியலில் இருந்த ஒரு தேர்வை அந்த மதத்தின் அறிஞர்களே மூடிவிட்டார்கள். 47:4 சொன்ன இரண்டு வழிக்கே திரும்பிப் போனது என்றும் இதைப் படிக்கலாம்.

ஆக மொத்தம்

முதல் ஃபார்வர்டு ஸ்பெக்கின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிறது. இரண்டாவது, ஓடிய புரோகிராமின் மோசமான பக்கத்தைக் காட்டி ஸ்பெக் இதுதான் என்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்ததை விமர்சிக்க வெளியிலிருந்து எந்த அளவுகோலும் தேவையில்லை. அவர்களின் சொந்தச் சட்டத்தை வைத்தே அது தப்பு என்று சொல்லலாம். அப்படிச் சொல்வது எங்க ஊர் மாமாக்களுக்கு எதிரான பேச்சு ஆகாது. அவங்க மதிக்கிற சட்டத்தின் பக்கம் நின்று பேசுவதுதான் அது. அதே கையோடு, அந்தச் சட்டம் பெரிய முடிவை அரசனின் நல்ல மனசுக்கு விட்டுவைத்ததையும் சொல்லணும். ஏனென்றால் கைதி உயிரோடு இருப்பது பிடித்தவனின் மனசைப் பொறுத்தது என்றால், அது மதீனாவாக இருந்தாலும் ஸ்ரீரங்கப்பட்டணமாக இருந்தாலும் வேலூராக இருந்தாலும், அது உரிமை இல்லை, சலுகை மட்டுமே.

இனிமேல் இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இது சட்டத்தைச் சொல்லுதா, நடந்ததைச் சொல்லுதா? நடந்ததைச் சொன்னது யார், அதில் அவருக்கு என்ன லாபம்? அந்தக் கூட்டத்தில் பேரே சொல்லப்படாதவங்க யாரு? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ராத்திரியில் குளத்தை நீந்திப் போய்க் காசு கொடுத்த சிப்பாய்களுக்கும் கிடைக்கவில்லை.